கொழும்பிலிருந்து ரொறன்ரோ: எந்த வழியால் போவது?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ட்ரவல் ஏஜென்சி எதற்குள்ளாவது போய் “ரொறன்ரோவுக்கு ஒரு ரிக்கெட்” என்று கேட்டால், விலைக்கு முன்னம் வரும் கேள்வி இதுதான்: “டுபாயாலை விடட்டோ, லண்டனாலை விடட்டோ?” அதற்குள் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து மகள் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருப்பார். அதில் கட்டார் வழி மலிவு. மருமகனோ டில்லி வழிதான் கிட்ட என்பார். பயணம் போகப்போகிற அம்மாவுக்கு இந்த இரண்டைப் பற்றியும் பெரிய அக்கறை இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது, நடுவில் எங்கே இறக்கிவிடுவார்கள், அங்கே யாரிடம் கேட்பது என்பதுதான்.

அம்மாவின் கேள்வியே சரியான கேள்வி என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல முதலில் தூரக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் வரை நேர்த்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் கோடு கீறினால் அது அரேபியாவையும் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக்கையும் தாண்டிப் போகும். உருண்டைப் பந்தில் நூல் பிடித்துப் பார்த்தால் கதை வேறு. நூல் தமிழ்நாட்டுக்கு மேலால் வடக்கே ஏறி, ராஜஸ்தான், பாகிஸ்தான், காபூல் பக்கம், கசகஸ்தான், ரஷ்யா என்று போய், நோர்வேயின் வட முனையைத் தொட்டு, கிறீன்லாந்தைக் கடந்து, கியூபெக் வழியாக ரொறன்ரோவில் இறங்கும். உச்சத்தில் அது 72 பாகை வட அகலக்கோடு வரை ஏறுகிறது. அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே.

இந்தக் கோட்டில் இடைநில்லாமல் போகும் விமானம் எதுவும் இல்லை. தூரம் மட்டும் அதற்குக் காரணமல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,000 கிலோமீற்றருக்கும் மேல், அதை ஒரே மூச்சில் பறக்கிறார்கள். ஆனால் அதற்கென்று கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி செய்த விமானம் வேண்டும், வாரம் முழுக்க அதை நிரப்ப ஆட்களும் வேண்டும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிடம் இருக்கும் பெரிய விமானம் எயார்பஸ் ஏ330. ஆட்களையும் சாமான்களையும் நிரப்பிக்கொண்டு 14,000 கிலோமீற்றர் போவது அதன் வேலை அல்ல. ஆகவே எங்கேயோ ஓர் இடத்தில் மாறித்தான் ஆகவேண்டும்.

எங்கே மாறினால் தூரம் எவ்வளவு கூடும்? டில்லி வழியாகப் போனால் மொத்தம் ஏறத்தாழ 14,050 கிலோமீற்றர். டில்லி கிட்டத்தட்ட அந்த நூலின் மேலேயே இருக்கிறது. டுபாயும் லண்டனும் ஏறத்தாழ 14,400. இஸ்தான்புல் 14,450, தோஹா 14,500. முழு வித்தியாசம் 450 கிலோமீற்றர், பறக்கும் நேரத்தில் அரை மணித்தியாலம். இதில் ஹொங்கொங் மட்டும்தான் உண்மையில் சுற்றுவழி, 16,500க்கு மேல். கிழக்கால் போய் மேற்கே வருவது போன்றது. ரிக்கெட் மிக மலிவாகக் கிடைத்தாலொழிய அந்தப் பக்கம் யோசிக்கத் தேவையில்லை.

ஆக, “எது கிட்ட” என்று வாதாடுவதில் பயனில்லை. டுபாய் என்றாலும் லண்டன் என்றாலும் வானத்தில் இருக்கும் நேரம் 19 முதல் 20 மணித்தியாலம்தான். மாறுவது, அந்த நேரம் எப்படி இரண்டாக உடைகிறது என்பதும், உடையும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதும்.

மருமகன் சொன்ன டில்லியை முதலில் எடுப்போம், ஏனென்றால் படத்தில் அதுதான் வெல்கிறது. கொழும்பிலிருந்து டில்லி மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு எயார் இந்தியாவும் எயார் கனடாவும் பறந்து வந்திருக்கின்றன. கோணல் எங்கே என்றால், அந்த நேர்கோட்டின் கீழே இருக்கும் நாடுகள்தான். 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கியதும் ரஷ்யா தன் வான்வெளியைக் கனடிய விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடி, பிறகு மாதாமாதம் தடையை நீட்டிக்கொண்டே வந்தது. எயார் இந்தியாவுக்கு ரஷ்யா திறந்திருக்கிறது, பாகிஸ்தான் இல்லை. எயார் கனடாவுக்குப் பாகிஸ்தான் திறந்திருக்கிறது, ரஷ்யா இல்லை. குறுக்குவழியை முழுசாகப் பயன்படுத்த இரண்டு பேருக்குமே முடியாமல் போனது. எயார் இந்தியா தன் வட அமெரிக்க விமானங்கள் சிலவற்றை ஐரோப்பாவில் இறக்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகவும் வேண்டியிருந்தது. இதற்குமேல் டிசம்பர், ஜனவரி மாதங்களில் டில்லியில் மூடுபனி. விடியற்காலையில் விமானங்கள் வரிசையாகப் பிந்தும். கொழும்பு விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தினால் பதினைந்து மணித்தியால விமானம் கைவிட்டுப் போகும். காகிதத்தில் மிகக் குறுகிய வழி, நடைமுறையில் எனக்கு நம்பிக்கை மிகக் குறைந்த வழி. டில்லியில் சொந்தக்காரரோ, தலயாத்திரையோ இருந்தால் அது வேறு கணக்கு.

வளைகுடா வழி மூன்று: எமிரேட்ஸில் டுபாய், எதிஹாட்டில் அபுதாபி, கட்டார் எயார்வேய்ஸில் தோஹா. கட்டார் ரொறன்ரோவுக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது 2024 டிசம்பரில்தான். அதற்கு முன் அவர்களுடன் போனவர்கள் மொன்றியலில் இறங்கவேண்டியிருந்தது. மூன்றிலும் வடிவம் ஒன்றுதான்: நாலரை, ஐந்து மணித்தியாலச் சின்னத் துண்டு, பிறகு பதினான்கு மணித்தியாலப் பெரிய துண்டு. இறங்குவதும் ஏறுவதும் ஒரே கம்பனி, அநேகமாக ஒரே முனையம். பொதி நேரே ரொறன்ரோவுக்குப் போகும். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறுவதற்கு இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வீசா வேண்டாம். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் டுபாயிலோ தோஹாவிலோ திகைத்து நின்றால், துப்புரவு வேலை செய்யும் தம்பியோ, கடையில் நிற்கும் மலையாளப் பெண்ணோ, சக்கர நாற்காலி தள்ளும் நம்மூர்ப் பெடியனோ எவராவது கிடைப்பார்கள். முதல்தரம் போகும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை.

குறை அந்தப் பதினான்கு மணித்தியாலம்தான். முழங்கால் நோவு உள்ளவர், கால் வீங்குபவர், அடிக்கடி கழிப்பறை போகவேண்டியவர் ஆகியோருக்கு இது கடினம். நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தாலே காலில் இரத்தம் கட்டும் அபாயம் கூடுகிறது. முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ரிக்கெட் எடுக்க முன்னமே டொக்டரைக் கேட்பது நல்லது. ஜன்னலோர இருக்கையில் வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது, நடைபாதையோர இருக்கையைப் பிடியுங்கள். பக்கத்திலிருப்பவரை எழுப்பாமல் எழுந்து நடக்கலாம் என்றால்தான் நம்முடைய அம்மாமார் எழுந்து நடப்பார்கள். இல்லையென்றால் “பாவம், நித்திரை கொள்ளட்டும்” என்று விடியும்வரை அப்படியே இருந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் லண்டன் கவர்ச்சியாகத் தெரியும். கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கனின் நேரடி விமானம் ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோ எட்டுக்குள். துண்டுகள் ஓரளவு சமம், ஒரு துண்டாவது நம்மூர்ச் சோறும் தமிழ் அறிவிப்புமாகக் கழியும். ஆனால் அட்டவணையைப் பாருங்கள். ஸ்ரீலங்கன் வழக்கமாக மதியத்தில் கிளம்பி லண்டனில் இரவு நெருங்கும்போது இறங்குகிறது. அந்நேரத்துக்கு அன்றைய ரொறன்ரோ விமானங்கள் அநேகமாகப் போய்விட்டிருக்கும். ஆகவே லண்டன் வழி என்றால் பெரும்பாலும் லண்டனில் ஓர் இரவு. ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ தம்பி குடும்பம் இருந்தால் அது வரம். ஒருவரும் இல்லையென்றால் ஹொட்டேல் செலவு, அடுத்த நாள் வேறு முனையத்துக்கு அலைச்சல்.

வீசாவையும் பார்க்கவேண்டும். பிரித்தானியாவில் மாறுவதற்கே ட்ரான்சிட் வீசா கேட்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. செல்லுபடியான கனடா வீசா பாஸ்போர்ட்டில் இருந்தால் விலக்கு உண்டு. அடுத்த நாள் நள்ளிரவுக்குள் வெளியேறும் உறுதியான ரிக்கெட்டுடன் வெளியே வந்து ஓர் இரவு தங்கவும் அதே விலக்கு இடம் தருகிறது, முடிவு குடிவரவு அதிகாரியின் கையில். போகும்போது இது சிக்கலில்லை. திரும்பும்போதுதான் கவனிக்கவேண்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க வருவோருக்குக் கனடா கொடுக்கும் சுப்பர் வீசாவில் போகிறவர்கள் ஒருதரம் நுழைந்தால் ஐந்து வருடம்வரை தங்கலாம் என்று 2022இல் விதி மாறியது. பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் இருந்துவிட்டு, பாஸ்போர்ட்டிலுள்ள வீசாத் திகதி முடிந்த பிறகு லண்டன் வழியாகத் திரும்ப வெளிக்கிட்டால், பியர்சனிலேயே விமானக் கம்பனி ஏற்ற மறுக்கலாம். திரும்பிவரும் திகதி தெரியாதவர்களுக்கு வளைகுடா வழிதான் பாதுகாப்பு.

இஸ்தான்புல்லைப் பற்றி வெள்ளவத்தையில் அதிகம் பேசுவதில்லை, ஆனால் துண்டுகளைச் சமமாக உடைப்பதில் அதற்கு நிகர் இல்லை. முதல் துண்டு ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட, இரண்டாவது பதினொன்றுக்குள். துருக்கி விமானம் முன்பு கொழும்புக்கு மாலைதீவு வழியாகச் சுற்றி வந்தது, 2023இன் கடைசியிலிருந்து நேரடி. ஒரே கம்பனி, ஒரே முனையம். என்ன, அந்த ஒரே முனையம் மிகப் பெரியது. வாசலிலிருந்து வாசலுக்கு நடந்தே களைத்துப்போவார்கள், உதவி கேட்க நம்மொழி ஆட்களும் அங்கே குறைவு. வாட்டசாட்டமான ஐம்பது வயதுக்காரருக்கு, படிக்கப் போகும் பிள்ளைக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். தனியாகப் போகும் அம்மம்மாவுக்குச் சொல்லமாட்டேன்.

“தோஹாவில் யுத்தம் வந்தால்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டார் தன் வான்வெளியைச் சில மணித்தியாலங்கள் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஏப்ரலில் டுபாய் விமான நிலைய ஓடுபாதையே வெள்ளத்தில் நின்றது. அதற்காக லண்டன் பத்திரம் என்று நினைக்கவேண்டாம். 2025 மார்ச் 21ஆம் திகதி பக்கத்துத் துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து ஹீத்ரோ கிட்டத்தட்ட ஒரு நாள் மூடிக்கிடந்தது. செய்தி பார்த்து வழியை மாற்றுவதைவிட, பயணத்துக்கு முந்தின வாரம் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்வது போதும். முக்கியமானது, கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை ஒரே ரிக்கெட்டாக இருப்பது. அப்படியிருந்தால் நடுவில் எது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பனியின் தலையில். கனடாவுக்கு வரும், கனடாவிலிருந்து போகும் விமானங்களுக்கு 2019இலிருந்து பயணிகள் பாதுகாப்பு விதிகளும் உண்டு.

இரண்டு தனி ரிக்கெட் எடுத்து மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுவதால், “கொழும்புக்கு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் ஏன் இடிபடவேண்டும், சென்னையாலேயே போகலாமே” என்று யாழ்ப்பாணத்தில் யோசிப்பதும் புரிகிறது. ஆனால் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பப் போட இந்தியக் குடிவரவைத் தாண்டவேண்டும், அதற்கு இந்திய வீசா வேண்டும், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது ரிக்கெட் அவ்வளவுதான். இளம் ஆள், கைப்பை மட்டும் என்றால் முயன்று பார்க்கலாம். புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் நிரப்பிய இரண்டு 23 கிலோ சூட்கேஸோடு இது சரிவராது.

சரி, மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் வைப்பது? இணையத்தில் தேடினால் ஒன்றரை மணித்தியால இணைப்பு முதலில் வரும், ஏனென்றால் மொத்த நேரம் குறைவானதைத்தான் அது மேலே தூக்கிக் காட்டும். கனடாவுக்குப் போகும் வாசலில் சில வேளை பத்திரங்களை மறுபடி பார்ப்பார்கள். அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் ரிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக்கூடும், அம்மா கைப்பையின் அடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கோப்பை எடுத்து, கண்ணாடியைத் தேடி, அதையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கொடுக்கவேண்டும். மூன்று, நாலு மணித்தியாலம் நல்ல அளவு. ஆறுக்குமேல் போனால் இரும்புக் கதிரையில் இருந்து இடுப்பு போய்விடும்.

சக்கர நாற்காலி கேட்பதில் வெட்கம் வேண்டாம், காசும் இல்லை. ஆனால் ரிக்கெட் போடும்போதே கேட்கவேண்டும், எந்த வகை என்றும் சொல்லவேண்டும். படி ஏறலாம், தூரம் நடக்கத்தான் கஷ்டம் என்பது ஒன்று. படியும் ஏற ஏலாது என்பது இன்னொன்று. இருக்கைவரை தூக்கிப் போகவேண்டும் என்பது மூன்றாவது. ஏஜென்ட் பொதுவாக முதலாவதைப் போட்டுவிடுவார். மரக்கறிச் சாப்பாடும் அப்படித்தான், குறைந்தது ஒரு நாள் முன்னம் பதிந்திருக்கவேண்டும். நீரிழிவுக்காரர் இன்சுலினைக் கைப்பையில் வைக்கவேண்டும், பெரிய பொதியில் போட்டால் உறைந்துபோகவும் கூடும், பொதி பிந்தவும் கூடும்.

ஊசி எப்போது போடுவது என்பதையும் முன்கூட்டியே டொக்டரிடம் எழுதி வாங்கவேண்டும், ஏனென்றால் நேர வித்தியாசம் எல்லாவற்றையும் குழப்பும். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். ஜூலையில் விடியப்புறம் மூன்றரைக்குக் கட்டுநாயக்கவில் ஏறி, மொத்தம் 22 மணித்தியாலம் பயணம் செய்தவர், அதே நாள் பின்னேரம் நாலு மணிக்கு அங்கே இறங்குவார். ரிக்கெட்டில் ஒரே திகதி இருப்பதைப் பார்த்து “அரை நாள்தானே” என்று அம்மா சொல்லக்கூடும். திருத்துங்கள், மாத்திரையை அதற்கேற்றபடி எண்ணி வைத்திருப்பார். திரும்பும்போது காற்று முதுகுப்பக்கமிருந்து தள்ளுவதால் பெரிய துண்டு ஒரு மணித்தியாலமளவில் குறையும், ஆனால் நாட்காட்டியில் ஒரு நாள் தொலையும்.

வருகை நேரத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு, பலர் விலைக்குக் கொடுப்பதைவிடக் கூட. பின்னேரம் இறங்கினால் மகன் வேலை முடிந்து வரலாம், ஸ்காபரோவுக்குப் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இரவு படுக்கலாம், உடம்பு புது நேரத்துக்குச் சுலபமாகப் பழகும். காலையில் இறங்கினால் கண் எரிய எரிய முழுப் பகலையும் தள்ளவேண்டும்.

ஆக என் தெரிவு: முதல்தரம் தனியாகப் போகும் பெற்றோருக்கு டுபாய் அல்லது தோஹா, இரண்டில் எது பின்னேரம் இறக்குகிறதோ அது. பதினான்கு மணித்தியாலம் இருக்க உடம்பு ஒத்துழைக்காது, ஆனால் துணைக்கு ஆள் உண்டு என்றால் இஸ்தான்புல். லண்டனில் பார்க்க ஆட்கள் இருந்தால், போகும்போது மட்டும் லண்டன். அபுதாபி, விலை குறைந்தால் டுபாய்க்குப் பதில் எடுக்கலாம், பெரிய வித்தியாசமில்லை.

விலையைத் தீர்மானிப்பது வழியைவிடப் பருவம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஜூலை, ஓகஸ்டில் கனடாவிலிருந்து வரும் குடும்பங்கள் எல்லாம், செப்டெம்பர் முதல் கிழமையில் பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் திரும்பியாகவேண்டும். அதனால் ஓகஸ்ட் கடைசியில் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு எந்த வழியிலும் இருக்கை நெருக்கடி, டிசம்பரைப் போலவே. அவசரமில்லாத பயணத்தைச் செப்டெம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளிப் பாருங்கள். விலையும் இறங்கும், நடைபாதையோர இருக்கையும் கேட்டால் கிடைக்கும், சிலவேளை பக்கத்து இருக்கை காலியாகவும் இருக்கும்.